வெள்ளிக்காசு தேடும் கருவி: கூட்டி வைத்தால் கத்தும், குறைத்து வைத்தால் சொல்லும்!

சிதறால்:-

பழைய கோயில் இருக்கிற ஊரில் புதையல் பேச்சு இல்லாமல் இருக்குமா? மார்த்தாண்டத்தை அடுத்த சிதறாலில் கோயில் இருப்பதோ மலை மேலே. அதுவும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சமணர் மலை!

"அண்ணாச்சி, ஒரு மெஷின் வாங்கி நம்ம விளையில வச்சுப் பாத்தா என்ன? பாட்டன் பூட்டன் பொதைச்ச வெள்ளிச் சக்கரம் கெடைக்காமலா போவும்?"

"கெடைக்கும் மக்கா, கெடைக்கும். ஆணியும் சோடா மூடியும் சாக்கு சாக்கா கெடைக்கும்!"

இந்த மாதிரிப் பேச்சை எந்த டீக்கடை பெஞ்சிலும் கேட்கலாம். கேலி செய்தவர் சொல்வதில் உண்மை உண்டு. கேட்டவர் ஆசையிலும் தப்பு இல்லை. மெட்டல் டிடெக்டர் மாய மந்திரம் அல்ல, ஏமாற்று வேலையும் அல்ல. ஆனால் அதைச் சரியாக 'செட்' பண்ணத் தெரிய வேண்டும். சத்தம் வந்த பிறகு என்ன செய்வது என்பதும் தெரிய வேண்டும். அதன் விவரம் வருமாறு:-

பலகையில் எண்ணிய காசு

முதலில் காசைப் பார்ப்போம். 1956 நவம்பர் 1-ந் தேதி தமிழகத்தோடு சேருவதற்கு முன்பு இது திருவிதாங்கூர் சீமை. அங்கே கணக்கு தனி. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

இந்த வெள்ளிச் சக்கரம் இருக்கிறதே, அது அரை கிராம்கூட எடை இல்லாத பொடிக் காசு. சட்டைப் பித்தானைவிடச் சிறியது. விரலால் எண்ணி மாளாது. அதனால் வரிசையாகக் குழி போட்ட மரப்பலகை ஒன்றை வைத்திருந்தார்கள். காசை அதன் மேல் கொட்டிக் குலுக்கினால் குழிக்கு ஒரு காசு உட்காரும். மீதியை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது!

பிரிட்டிஷார் ரூபாய் அப்படி அல்ல. 11.66 கிராம் எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி.

ஒன்று யானை, இன்னொன்று எறும்பு. இரண்டையும் ஒரே 'செட்டிங்'கில் தேடுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

சாண் ஏறினால்...

கருவியின் அடியில் இருக்கும் வட்டத்துக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் ஓடி, மண்ணுக்குள் காந்த அலையை அனுப்புகிறது. அது காசில் பட்டால் காசுக்குள்ளும் ஒரு சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி திருப்பி அனுப்பும் மெல்லிய பதிலைத்தான் கருவி ஒட்டுக் கேட்கிறது.

போகும்போதும் தேய்மானம், வரும்போதும் தேய்மானம். அதனால் ஆழம் இரண்டு மடங்கானால் சத்தம் பாதியாகக் குறையும் என்று நினைக்க வேண்டாம். 64-ல் ஒரு பங்காகக் குறைகிறது! ஒரு சாண் ஆழத்தில் 'கணீர்' என்று கேட்கும் ரூபாய், ஒரு முழத்தில் இருந்தால் கருவிக்குச் செத்த காசு. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்று நம்மவர்கள் இதைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ!

நல்ல மண்ணில், 11 அங்குல வட்டம் வைத்த நல்ல கருவிக்குத் தனி ரூபாய் எட்டு, பத்து அங்குலம் வரை சிக்கும். சக்கரம் அதில் பாதி ஆழத்தில் சிக்கினால் அதிர்ஷ்டம். "ஐம்பது அடியில் தங்கம் காட்டும்" என்று விற்கிற மெஷின் எது கண்ணில் பட்டாலும் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பொத்தானை எங்கே?

கருவி கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். உணர்திறனை, அதாவது சென்சிட்டிவிட்டியை, உச்சத்துக்கு ஏற்றி விடுவார்கள். அங்கேதான் கோளாறு.

நம் ஊர் செம்மண் முழுக்க இரும்புத் துரு. உணர்திறனை ஏற்றினால் கருவி மண்ணைப் பார்த்தே கத்தும். பக்கத்தில் மின்கம்பி போனால் அதையும் பார்த்துக் கத்தும். அந்தக் கூச்சலில் ஆழத்துக் காசின் முனகல் எப்படிக் கேட்கும்? சந்தைக்கடையில் நின்று ரகசியம் பேசின கதைதான். கருவி உளற ஆரம்பிக்கும் வரை ஏற்றுங்கள். பிறகு இரண்டு படி இறக்குங்கள். செம்மண்ணாக இருந்தால் இன்னும் ஒரு படி.

அதற்கும் முன்னால் 'கிரவுண்ட் பேலன்ஸ்'. உலோகம் இல்லாத ஓர் இடத்தில் வட்டத்தை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, தரைக்கு ஓர் அங்குலம் வரை இறக்கி, மறுபடி தூக்கி இறக்க வேண்டும். ஏற்றினாலும் இறக்கினாலும் சத்தம் ஒரே மாதிரி ஆகும் வரை சரிசெய்ய வேண்டும். மண்ணை மறக்கும்படி கருவிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை இது. கொல்லையில் ஒரு மண், தோப்பில் ஒரு மண். இடம் மாறினால் மறுபடியும் செய்ய வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் போனால் இன்னும் பாடு. அங்கே இல்மனைட் கலந்த கருமணல்!

அடுத்தது 'டிஸ்கிரிமினேஷன்'. இரும்பு வந்தால் சத்தம் போடாதே என்று கட்டளை இடுகிற பொத்தான். ரப்பர் தோட்டத்தில் சிரட்டை கட்டிய கம்பித் துண்டு காலுக்குக் கால் கிடக்கும்போது இதைத் திருகி வைக்கத்தான் கை போகும். ஆனால் ஆழத்து வெள்ளியின் பதிலில் மண்ணின் குரலும் கலந்து வருவதால், கருவி அதையும் இரும்பு என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். ஆழத்தில் தேடுகிறவர் இதைக் குறைத்தே வைக்க வேண்டும். குப்பைச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி அதிர்வெண். பெரிய வெள்ளி ரூபாய்க்குக் குறைந்த அதிர்வெண் நல்லது. நான்கிலிருந்து எட்டு கிலோ ஹெர்ட்ஸ் வரை போதும். இதைக் கேட்டுவிட்டு "வெள்ளின்னா குறைச்சு வை" என்று பலர் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சக்கரத்துக்கு அது செல்லாது! சுழற்சி ஓட அதில் இடமே இல்லை. பன்னிரண்டு, பதினைந்துக்கு ஏற்றினால்தான் அது வாய் திறக்கும். பெரிய வட்டமும் அதற்கு ஆகாது. சின்ன வட்டமே சரி.

மீதி எல்லாம் பொறுமை. வட்டம் தரையை உரசுகிற மாதிரி, மெதுவாக வீச வேண்டும். பின்னணியில் கொசு ரீங்காரம் அளவுக்கு ஒரு சத்தம் வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த ரீங்காரம் லேசாக உப்பினாலும் நில்லுங்கள். குறுக்கே திரும்பி நின்று இன்னொரு தடவை வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் காட்டினால் காசாக இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் காட்டினால் பெரும்பாலும் ஆணி. சோடா மூடி மட்டும் இரண்டு பக்கமும் வெள்ளி வேஷம் போடும். அதற்கு மருந்து இல்லை!

மலைப்பக்கம் கூடாது

இவ்வளவும் சொன்னது, சொந்த விளையில் தேடுகிறவருக்கு. சிதறால் மலைப்பக்கம் கருவியோடு ஏறிவிடக் கூடாது.

திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பெயர். பாறையில் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு, 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சமணப் பெண் துறவி ஒருவர் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. பிற்காலத்தில் அங்கே பகவதி குடிவந்தாள். இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்!

சொந்த நிலத்தில் கிடைத்தாலும் வாயை மூடிக்கொண்டு நகைக்கடைக்குப் போக முடியாது. 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. யாருக்கும் உரிமை இல்லை என்று முடிவானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு என்கிறது அதே சட்டம். விலை கொடுத்துச் சர்க்கார் எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. காசை உருக்கி விற்றால் வெள்ளி விலைதான். அதுவும் திருட்டு விலை.

கருவியை நம்பாமல் கனவை நம்பினவர்களும் உண்டு. 2013-ல் உத்தரப்பிரதேசம் உன்னாவ் பக்கம், ஆயிரம் டன் தங்கம் இருப்பதாக ஒரு சாமியார் கனவு கண்டார் என்று தொல்லியல் துறையே தோண்டியது. தங்கம் வரவில்லை. 2020-ல் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் ஏழடி ஆழத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. அது தோண்டும்போது தற்செயலாகக் கிடைத்தது!

சுத்தியல் தேடப் போனவர்

1992 நவம்பரில் இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் டிடெக்டரோடு வயலுக்குப் போனார். புதையலுக்கு அல்ல. நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடித்தான். கருவி கத்தியது. ஒரு வெள்ளிக்காசு. இன்னொன்று. கூடவே பொன்!

கொஞ்சம் எடுத்துப் பார்த்தவர், மம்பட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தகவல் கொடுத்தார். மறுநாளே தொல்லியல் ஆட்கள் வந்து, எந்தப் பொருள் எந்த இடத்தில் எப்படி அடுக்கியிருந்தது என்பது வரை குறித்துக்கொண்டு எடுத்தார்கள். சுமார் 15 ஆயிரம் ரோமானியக் காசுகள், பெரும்பாலும் வெள்ளி. மரப்பெட்டியில் வைத்துப் புதைத்தது என்பதுகூடத் தெரிந்தது. பதினேழரை லட்சம் பவுன் பரிசு வந்தது. அதை நிலத்தில் பயிர் செய்த நண்பரோடு பங்கிட்டுக்கொண்டார்.

சுத்தியலும் கிடைத்துவிட்டது. அதுவும் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில்தான் இருக்கிறது.