போன துணியும் வந்த சீட்டும்

இன்னொரு டீயும் சேர்த்துச் சொல்லிவிடு தம்பி. நீ கேட்டதற்குப் பதில் ஒரு கிளாஸில் அடங்காது. உன் தாத்தா பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த தீப்பெட்டிப் படங்களை மேஜைமேல் கொட்டிவிட்டு, "பழைய பேப்பர்தானே அண்ணே, இதையெல்லாம் எதுக்குச் சேக்கறாங்க?" என்றாய். இந்தக் கேள்வியைக் கேட்கக் கோட்டைக்குப்பத்துப் பிள்ளைக்குத்தான் முதல் உரிமை.

பழவேற்காடு என்ற உன் ஊர்ப் பெயரே ஒரு காலத்தில் சரக்கின் அடையாளமாக இருந்தது. உங்கள் குப்பத்தை ஒட்டிப் புதர் மண்டிக் கிடக்கிறதே, அது டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்த்ரியா கோட்டை இருந்த இடம். இந்தக் கரையிலிருந்து கப்பலேறியது பருத்தித் துணி. சாயவேரில் தோய்த்த சிவப்பும் கட்டம்போட்ட கைக்குட்டையும் இந்தோனேசியத் தீவுகளுக்குப் போயின. அங்கிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் கிடைத்தன. டச்சுக் கம்பெனி தன் எழுத்துகளைப் பின்னிச் செய்த முத்திரையைத் துணியிலேயே குத்தி அனுப்பியது. இந்தோனேசியாவில் பரம்பரையாகப் பாதுகாத்த பழந்துணிகள் சிலவற்றில் அந்த முத்திரை இன்றும் தெரிகிறது. வாங்குகிறவன் நெய்தவனைப் பார்த்ததில்லை, அவன் பேச்சும் புரியாது. இருவருக்கும் நடுவில் நம்புவதற்கென்று ஒரு குறி வேண்டியிருந்தது. பிற்காலத்துக் காகித லேபிள் செய்த வேலையும் இதுதான். மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம்போட்ட சாரத்துக்கு இன்றைக்கும் ‘பெலிக்காட்’ என்று பெயர். அது பழவேற்காடுதான்.

பெயர் விலைபோகிறது என்றால் மற்றவர்கள் விடுவார்களா? 18ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பக்கத்துத் தறிகளில் ‘புல்லிகேட்’ கைக்குட்டை நெய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் அதே வட்டாரத்தில், லெவன் ஆற்றங்கரைச் சாயப்பட்டறைகளில், ‘துருக்கிச் சிவப்பு’ ஏற்றிய நூலும் துணியும் மலைமலையாகத் தயாராகி இந்தியத் துறைமுகங்களில் வந்து இறங்கின. அங்கிருந்த மூன்று பெரிய நிறுவனங்கள் 1898இல் ஒன்றாகி யுனைடெட் டர்க்கி ரெட் கம்பெனி ஆயின. அவர்கள் அனுப்பிய கட்டுகளின்மேல் ஒட்டிய சீட்டுகளில் யானை, மயில், புலி, நம் சாமிகள் என்று படங்கள்.

பழைய சீட்டுகள்மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது இந்த இடத்தில்தான். சாயவேரால் பேர் வாங்கிய கரைக்குக் கடல் தாண்டி ஒரு சிவப்பு வருகிறது, அதுவும் நம்மூர்த் தெய்வத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் நெசவாளி வயிற்றில் அடித்த சரக்கு அது. அதன் மேலிருந்த படமோ அத்தனை அழகு. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கக் கூடாது, இரண்டும் அந்த ஒரே காகிதத்தில் இருக்கின்றன.

அந்தச் சீட்டை வியாபாரிகள் ‘டிக்கெட்’ என்பார்கள். ஏன் அத்தனை விதம் என்று கேட்பாய். பிரிட்டனில் 1875இல் வணிகச்சின்னங்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஒரு கம்பெனி ஒற்றை யானையைப் பதிந்துவிட்டால் அடுத்தவன் இரட்டை யானை போட வேண்டும், அதற்கடுத்தவன் யானைமேல் ராஜாவை உட்கார வைக்க வேண்டும். படத்தைச் சொல்லித்தான் ஜனங்கள் சரக்குக் கேட்டார்கள். எழுத்துத் தெரியாதவர் மட்டுமில்லை, பல மொழி பேசும் சந்தையில் எல்லோருக்கும் அதுதான் வசதி. பெங்களூரில் மேப் என்கிற அருங்காட்சியகம் 2025இல் இந்த டிக்கெட்டுகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது.

இப்போது பூதக்கண்ணாடியை எடுத்து உன் தாத்தாவின் படத்தில் ஒன்றைப் பார். புள்ளிகள் வரிசையாக, ஒரே ஒழுங்கில் நிற்கின்றனவா? அப்படியானால் அது ஆஃப்செட், பிற்கால அச்சு. புள்ளிகள் பெரிதும் சிறிதுமாகச் சிதறி, கையால் குத்தியதுபோல் இருந்தால் பழைய லித்தோ. மழமழவென்று தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் படத்தை வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால் வரைந்த இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். எட்டு நிறம் என்றால் அதே காகிதம் எட்டு முறை எந்திரத்துக்குள் போய் வர வேண்டும். ஒரு தடவை நூலளவு நகர்ந்தாலும் போச்சு, முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் வந்து விழும். சேர்க்கிறவர்கள் அப்படி விலகிய சீட்டைத் தனியே எடுத்து வைப்பார்கள். எனக்கும் அவை பிரியமானவை, அன்றைக்கு எந்திரத்தருகே நின்ற ஆளின் கை அதில் தெரிகிறது.

தீப்பெட்டியும் முதலில் வெளியிலிருந்துதான் வந்தது, ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும். நம் சாமி படம் போட்டு ஜப்பான்காரர்கள் அனுப்பிய பெட்டிகள் இன்று உலகம் முழுக்கத் தேடப்படுகின்றன. ஸ்வீடன் கம்பெனி 1923இல் விம்கோவை இங்கேயே தொடங்கியது. நீ பொன்னேரியில் ரயிலேறிச் சென்னைக்குப் போகையில் விம்கோ நகர் என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அந்தப் பெயர் திருவொற்றியூரில் இருந்த அவர்களுடைய தீப்பெட்டித் தொழிற்சாலையால் வந்தது.

அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இன்று நாட்டுக்கே காலண்டர் அடிக்கும் சிவகாசி அச்சுத்தொழில் அப்படி இந்தச் சின்னச் சீட்டின் தேவையிலிருந்து வளர்ந்தது. சிறு உற்பத்தியாளருக்கு வரிச் சலுகை இருந்ததால் கம்பெனிகள் ஏராளமாகப் பெருகின. ஆளுக்கொரு படம் வேண்டுமல்லவா? கிளி, சாவி, மாம்பழம், ராக்கெட், சினிமா நடிகை என்று கண்ணில் பட்டதெல்லாம் பெட்டிமேல் ஏறியது. காந்தியும் நேருவும்கூடத் தப்பவில்லை.

வயதைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பெரிய சுகம். விலை அணாவில் இருந்தால் 1957க்கு முந்தையது. ‘நயா பைசா’ என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது, ஏனென்றால் அதன்பிறகு ‘நயா’வை எடுத்துவிட்டார்கள். 30 காசு 50 ஆனது 1995இல், 50 காசு ஒரு ரூபாய் ஆனது 2007இல், ஒரு ரூபாய் இரண்டானது 2021 டிசம்பரில். பெட்டி முழுசாகக் கிடைத்தால் வரிப்பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார். தீப்பெட்டிக்கு 1934இல் கலால் வரி போட்டபோது வந்த காகிதப் பட்டை அது. பெட்டி மரச்சில்லா அட்டையா என்பதும் ஒரு சாட்சி. மரச்சில்லில் படத்தை நன்றாக அச்சடிக்க முடியாது, அதனால்தான் தனிச் சீட்டு ஒட்டினார்கள். அட்டைப்பெட்டி வந்ததும் படத்தை நேராக அதிலேயே அடித்துவிட்டார்கள். உரித்தெடுக்க ஒன்றுமில்லாமல் போனது.

உன் தாத்தா சேர்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, அதில் தேர்வே இல்லை என்பதுதான். அழகானது, அபூர்வமானது என்று அவர் பார்க்கவில்லை. தான் பற்றவைத்த பீடிக்கு உதவிய பெட்டியெல்லாம் அதில் இருக்கிறது. பணக்காரச் சேகரிப்பாளரின் ஆல்பத்தில் இது கிடைக்காது. இந்தக் குப்பத்துக் கடைகளில் எந்த வருஷம் எந்தத் தீப்பெட்டி விற்றது என்று வேறெந்தக் கணக்கிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அதனால் அவசரப்பட்டு எதையும் செய்துவிடாதே. லேமினேஷன் வேண்டவே வேண்டாம், செலோடேப்பும் கூடாது. அதன் பசை சில வருஷத்தில் பழுப்பேறிக் காகிதத்தைத் தின்றுவிடும். பெட்டியோடு இருப்பதைப் பெட்டியோடே விடு. பிய்ந்த சில்லோடு ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் பசை இளகித் தானாகப் பிரியும், நகத்தால் சுரண்டாதே. அதற்கும் முன்னால் மூலையில் ஒரு சொட்டு நீர் விட்டு நிறம் கரைகிறதா என்று பார்த்துக்கொள். பிறகு மையொற்றும் தாள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம். பழவேற்காட்டு ஏரிக்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், ராமபாணப் பூச்சியும் வரும். மூடி இறுக்கமான டப்பாதான் இங்கே நல்லது. மாதம் ஒரு தடவை நிழலில் திறந்து வை.

கடைசியாக ஒன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுது: கோட்டைக்குப்பம், தாத்தா பெயர், எந்தக் கடையில் வாங்கியிருப்பார், வீட்டில் யாருக்காவது வருஷம் நினைவிருந்தால் அதுவும். பாட்டி இருக்கிறார்கள் அல்லவா? இன்றைக்கே கேட்டுவிடு. பேனா மட்டும் வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.