அட்டைப் புள்ளியில் ஆகாயப் பயணம்

கடன் அட்டையில் சாமான் வாங்கும்போது சேரும் புள்ளிகளை, இலங்கை வங்கிகள் பல ஸ்ரீலங்கன் விமான சேவையின் ஃப்ளைஸ்மைல்ஸ் திட்ட மைல்களாக மாற்றித் தருகின்றன. அந்நிறுவனம் 2014 மே முதல் ஒன்வேர்ல்ட் விமானக் கூட்டணியில் இருப்பதால், பாரிஸிலுள்ள மகளைப் பார்க்க, அந்த மைல்களைக் கொண்டு அதே கூட்டணியிலுள்ள கட்டார் ஏர்வேஸிலும் இருக்கை தேடலாம். ஆனால் விமானம் ஏறக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குத்தான் போகவேண்டும். பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு 2024 செப்டெம்பர் 1 இல் சேவை தொடங்கிய இண்டிகோவில் இந்த மைல்கள் செல்லாது. 'இலவசச் சீட்டு' என்பார்கள். ஆனால் விமான நிலைய வரியைக் கைக்காசில்தான் கட்டவேண்டும், அது சின்னத் தொகையுமல்ல! ஒருமுறை மாற்றிய புள்ளிகள் பொதுவாக வங்கிக்குத் திரும்பா. ஆகவே, விரும்பிய நாளில் இருக்கை உண்டா என்று இணையத்தில் பார்த்த பிறகே மாற்றுங்கள். 'புள்ளி காலாவதியாகிறது' என்று யாராவது தொலைபேசியில் ஓ.டி.பி. இலக்கம் கேட்டால், சொல்லாதீர்கள்.