தடயம் பேசும்: நம் வீட்டுப் பெண் அதைப் படிக்கலாமா?

ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்குள் பெண் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரு சின்ன மாநாடே நடந்துவிடுகிறது. "நர்ஸிங்கில் சேர்", "டீச்சர் வேலைதான் கௌரவம்", "பி.காம். படித்து பாங்க் பரீட்சை எழுது" என்று ஆளுக்கொரு யோசனை. இந்தப் பட்டியலில் சில வருஷங்களாக ஒரு புதுப் பெயர் சேர்ந்திருக்கிறது: தடய அறிவியல்.

எங்கள் பழையசீவரத்தில் என் அண்ணன் மகள் இந்தப் பெயரைச் சொன்னதுமே வீட்டில் புயல்தான். "பொணம் அறுக்கிற படிப்பு பொட்டப் பொண்ணுக்கு இன்னாத்துக்கு? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்றார் அண்ணி. அண்ணனுக்கோ செலவைப் பற்றிய கவலை. "அத்தை, நீங்களாவது கொஞ்சம் விசாரிச்சு சொல்லுங்களேன்" என்று அந்தப் பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஹைஸ்கூலோடு நின்றவள் நான். ஆனாலும் படித்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததை எல்லாம் வாசித்தும் தெரிந்துகொண்டேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன், சகோதரிகளே.

பிணம் அறுக்கும் படிப்பு அல்ல

முதலில் அண்ணியின் பயத்துக்குப் பதில். பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் டாக்டர்கள். எம்.பி.பி.எஸ். படித்தவர்கள்; சிலர் அதற்கு மேல் சட்ட மருத்துவத்தில் பட்டமும் பெற்றவர்கள். தடய அறிவியல் படித்தவர்கள் வேலை செய்வது ஆய்வுக்கூடத்தில். டாக்டர் எடுத்து அனுப்பும் உள்ளுறுப்புப் பகுதியில் விஷம் இருக்கிறதா, துணியில் இருப்பது ரத்தமா வெற்றிலைச் சாறா, ரத்தமென்றால் மனித ரத்தமா ஆட்டு ரத்தமா, பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து நிஜமா போலியா, துப்பாக்கிக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது, அழித்த செல்போன் படங்களைத் திரும்ப எடுக்க முடியுமா - இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை காண்பதே அவர்கள் தொழில். சில சமயம் குற்றம் நடந்த இடத்துக்கும் போக வேண்டியிருக்கும்.

ஒரு சுவாரசியம் சொல்கிறேன். விஷச் சந்தேகம் உள்ள உள்ளுறுப்புகளைப் பெரும்பாலும் எதில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள் தெரியுமா? இதற்கு மேல் கரையாது என்ற அளவுக்கு உப்புப் போட்ட தண்ணீரில்! நாம் ஊறுகாயைக் கெடாமல் வைக்கும் அதே சூட்சுமம்தான்.

நம் சென்னையே முன்னோடி

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலேயே முதல் ரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849-ல் நம் சென்னையில்தான் ஏற்பட்டது. விஷ மரணங்களில் என்ன விஷம் என்று கண்டுபிடிப்பதே அப்போது முக்கிய வேலை. கைரேகைக்கென்று உலகிலேயே முதல் அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில் திறந்தார்கள். ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்க உழைத்த அஜிசுல் ஹக், ஹேம்சந்திர போஸ் இருவரும் நம் நாட்டவரே.

பெரியவர்கள் ஆளவந்தார் கொலை வழக்கைப் பற்றிச் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1952-ல் சென்னையிலிருந்து போன போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி. மானாமதுரையில் திறந்து பார்த்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்தவர் முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையை ஒப்பிட்டு, இது அவர்தான் என்று உறுதி செய்தார்கள்.

எங்கள் காஞ்சிபுரம் ஜில்லாவால் மறக்கவே முடியாத நாள் 1991 மே 21. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டு வெடிப்பில் பலியான இரவு. மறுநாள் அந்த இடத்தில் சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும், மின்கம்பித் துணுக்குகளையும், சின்னச் சின்ன இரும்புக் குண்டுமணிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து, "குண்டு கீழே வைக்கப்பட்டதல்ல, ஒரு பெண் தன் உடம்பில் கட்டிக்கொண்டு வந்தது" என்று நிரூபித்துக் காட்டியவர், அப்போது தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன். அங்கே இறந்துபோன புகைப்படக்காரரின் காமிராவும் தப்பியிருந்தது. அதிலிருந்த படங்கள் வழக்குக்குப் பெரிய சாட்சியாயின. 2000-ல் சந்திரசேகரனுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

பெண்களுக்கு இதில் என்ன?

அண்ணியின் மனத்தைக் கரைத்தது இந்தப் பகுதிதான். எங்கள் பக்கத்திலும் சரி, உங்கள் பக்கத்திலும் சரி, "ஸ்டவ் வெடிச்சு செத்துப் போச்சு" என்று புதுப் பெண்களைப் பற்றிப் பேசக் கேட்டிருப்போம். உண்மையில் ஸ்டவ்தான் வெடித்ததா? நெருப்புப் பிடித்தபோது உயிரோடு இருந்தவள் என்றால் அந்தப் புகையை மூச்சில் இழுத்திருப்பாள். மூச்சுக்குழாயில் கரி படிந்திருக்கும். ரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு கலந்திருக்கும். கொன்றுவிட்டுப் பிறகு கொளுத்தியிருந்தால் இவை இருக்காது. எரிந்து மிஞ்சிய துணியில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கவும் கருவி இருக்கிறது. 1986-ல் வரதட்சணை மரணம் என்று தனிக் குற்றமே சட்டத்தில் சேர்ந்தது. ஆனால் சட்டம் இருந்தால் போதுமா? கோர்ட்டில் அதை நிரூபிக்க ஆள் வேண்டாமா?

"வாயில்லாம போய்ச் சேர்ந்த பொண்ணுக்கு வாய் குடுக்கிற வேலைன்னு சொல்லு" என்றார் அண்ணி. இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குழந்தையின் தகப்பன் யார் என்ற வழக்கும் அப்படியே. இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் டி.என்.ஏ. மூலம் ஆளை அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார். சில வருஷங்களிலேயே ஹைதராபாத்தில் விஞ்ஞானி லால்ஜி சிங் அதை இந்தியாவில் செய்து காட்டினார். கைவிடப்பட்ட எத்தனையோ தாய்மார்களுக்கு இது துணை நின்றிருக்கிறது. இரட்டைக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு ஒரு செய்தி: ஒரே அச்சாகப் பிறந்த இரட்டையருக்கு டி.என்.ஏ. ஏறக்குறைய ஒன்றேதான். கைரேகை மட்டும் வேறு வேறு!

இத்துறையில் பெண்கள் புதியவர்களும் அல்ல. டாக்டர் ருக்மணி கிருஷ்ணமூர்த்தி 1974-ல் மும்பை தடய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பின்னால் அதன் இயக்குநராகவே உயர்ந்தார். 1993 மும்பை குண்டு வெடிப்பு, போலி முத்திரைத்தாள் மோசடி போன்ற பெரிய வழக்குகள் அவர் கை வழியாகப் போனவை.

என்ன படிக்க வேண்டும்?

ப்ளஸ் டூவில் விஞ்ஞான குரூப் அவசியம். அதற்குப் பிறகு இரண்டு வழிகள்.

முதல் வழி, நேராகத் தடய அறிவியலில் மூன்று வருஷ பி.எஸ்ஸி., பிறகு இரண்டு வருஷ எம்.எஸ்ஸி. குஜராத்தில் காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இரண்டையும் சேர்த்து ஐந்து வருஷப் படிப்பாகவும் தருகிறார்கள். முதலில் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்த இதை, 2020-ல் பார்லிமெண்ட் சட்டத்தின் மூலம் தேசியப் பல்கலைக்கழகமாக ஆக்கினார்கள். இதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. மத்தியப் பிரதேசத்தில் சாகர் பல்கலைக்கழகம் 1959-லிருந்தே இத்துறையை நடத்திவருகிறது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் சைபர் தடயவியலில் எம்.எஸ்ஸி. இருக்கிறது.

இரண்டாவது வழி, முதலில் வேதியியல், இயற்பியல், உயிரியல், கம்ப்யூட்டர் என்று ஏதாவது ஒன்றில் பி.எஸ்ஸி. முடித்து, மேல்படிப்பாகத் தடய அறிவியலை எடுத்துக்கொள்வது. எங்கள் வீட்டில் இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். காரணம் இருக்கிறது. அரசு ஆய்வுக்கூட வேலைக்கான விளம்பரங்கள் பலவற்றில் வேதியியல் போன்ற அடிப்படைப் பாடத்தில் பட்டம் கேட்கிறார்கள். அடிப்படைப் பட்டம் கையில் இருந்தால் இந்த வேலை தட்டிப்போனாலும் ஆசிரியை வேலையோ மருந்துக் கம்பெனி வேலையோ இருக்கவே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்து படிக்கலாம், ஹாஸ்டல் செலவும் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. "நூறு சதவீதம் வேலை" என்று வண்ண நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் இடங்களில் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா, சொந்த ஆய்வுக்கூடம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அதோடு, அரசு வேலை விளம்பரங்களில் பழையது ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, நம் பெண் படிக்கப்போகும் பட்டம் அதிலே இருக்கிறதா என்றும் ஒத்துப் பாருங்கள்.

வேலை எங்கே?

தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்குத் தலைமையகம் சென்னை மயிலாப்பூரில். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் வட்டார ஆய்வுக்கூடங்கள் உண்டு. தமிழ்நாடு தேர்வாணையம் பரீட்சை வைத்து இளநிலை அறிவியல் அலுவலர்களைத் தேர்ந்தெடுக்கிறது. மத்திய அரசுக்கு ஹைதராபாத், கல்கத்தா, சண்டிகர், போபால், பூனா, கௌஹாத்தி ஆகிய இடங்களில் கூடங்கள் இருக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் "ஃபேக்ட்" என்ற திறன் தேர்வும் உண்டு. கல்லூரியில் பாடம் நடத்த விரும்பினால் யு.ஜி.சி. நெட் பரீட்சையில் தடய அறிவியலே ஒரு பாடம். பாங்குகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், கணக்குத் தணிக்கை நிறுவனங்களுக்கும் போலிக் கையெழுத்தையும் கம்ப்யூட்டர் மோசடியையும் கண்டுபிடிக்க ஆள் தேவைப்படுகிறது.

இனிமேல் தேவை இன்னும் கூடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த ஐந்து வருஷ அவகாசம் தந்திருக்கிறார்கள். இப்போது ப்ளஸ் டூ முடிக்கும் பெண் பட்டம் வாங்கி வெளியே வரும் காலமும் அதுதானே!

எப்படிப்பட்ட பெண்ணுக்கு ஏற்றது?

சினிமாவில் காட்டுவதுபோல் ஐந்து நிமிஷத்தில் விடை வராது. ஒரே பரிசோதனையைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செய்ததை அப்போதைக்கப்போது எழுதி வைக்க வேண்டும். கோர்ட்டில் கூண்டேறி வக்கீலின் குறுக்குக் கேள்விகளுக்குக் கலங்காமல் பதில் சொல்ல வேண்டும். "தெரிந்தவர் ஆச்சே" என்று ஒரு வார்த்தையைக் கூட்டியோ குறைத்தோ எழுதினால் நிரபராதி ஜெயிலுக்குப் போவான், குற்றவாளி வீட்டுக்கு வருவான். ஆகவே மார்க் மட்டும் பார்க்காமல் நிதானமும் நேர்மையும் உள்ள பெண்ணா என்றும் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்கும் பொறுமை வேண்டும் என்று நான் என் மருமகளிடம் சொன்னேன். "பரவாயில்லை அத்தை, அது நம்ம வீட்டுல எல்லாருக்கும் இருக்கு" என்று சிரித்தாள்.

ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் பெண்ணாக இருந்தாலும் கவலையில்லை. கையெழுத்து, ஆவணம், கம்ப்யூட்டர் ஆகிய பிரிவுகளில் ரத்தத்துக்கே வேலையில்லை.

இல்லத்தரசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

படிக்கப் போகாத நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. ஆபத்து வந்தால் வீட்டைக் கழுவித் துடைப்பதும் துணியை அலசிப் போடுவதும் நம் கைக்கு ஊறிப்போன பழக்கம். சில நேரங்களில் அதுவே நியாயத்தைக் கெடுத்துவிடும்.

* குழந்தைக்கோ பெண்ணுக்கோ யாராவது தீங்கு செய்திருந்தால், அவமானம் என்று உடனே குளிப்பாட்டவோ உடையைத் துவைக்கவோ வேண்டாம். அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் இலவசமாக முதலுதவி செய்தே தீர வேண்டும் என்பது சட்டம்.

* உடை ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்துப் பூசணம் பிடித்துத் தடயம் அழிந்துவிடும்.

* யாராவது பூச்சி மருந்தோ மாத்திரையோ விழுங்கிவிட்டால் அந்தப் பாட்டிலை, அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்குச் சிகிச்சை சுலபமாகும். உயிர் தப்பும்.

* மிரட்டல் செய்தியோ ஆபாசப் படமோ செல்போனில் வந்தால் பயந்து அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி. பண மோசடி என்றால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

பாலாற்றுக்கு அக்கரையில், எங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் திருமுக்கூடல் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகளோடு நடந்த ஆதுலசாலையைப் பற்றியும் அங்கே வைத்திருந்த மருந்துகளைப் பற்றியும் அது சொல்கிறது. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பே விஞ்ஞானத்தை ஊர்க்காரியமாக நினைத்த மண் இது. அந்த மண்ணில் பிறந்த பெண் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து உண்மையைச் சொன்னால் யாருக்கு நஷ்டம்?

உங்கள் மகள் இந்தப் படிப்பைக் கேட்டால், "ஐயோ, பொணமா?" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். உட்கார வைத்து, எந்தப் பிரிவு, எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு என்று அவளோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். கல்யாணம் அதன் காலத்தில் நடக்கும். என் மருமகள் இப்போது பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருஷம்.