கண்ணாடிக் கொர்னிச்செல்லோ

கண்ணாடிக் கொர்னிச்செல்லோ என்பது, இத்தாலியர் கண்ணேறு படாமல் இருக்கவும் நற்பேறு வேண்டியும் அணியும் கொம்பு வடிவக் காப்பணியைக் கண்ணாடியில் கையால் வடித்துச் செய்யும் பதக்கம் ஆகும். இத்தாலிய மொழியில் "கொர்னிச்செல்லோ" என்ற சொல்லுக்குச் சிறு கொம்பு என்பது பொருள். இவ்வணி நாப்போலி நகரத்துடன் நெருங்கிய தொடர்புடையது. மிளகாய்ப் பழத்தை ஒத்த தோற்றம் கொண்டிருப்பினும் இது விலங்கின் கொம்பையே குறிக்கிறது.

நம்பிக்கை

பிறரது பொறாமைப் பார்வையால் தீங்கு நேரும் என்ற நம்பிக்கை இத்தாலியில் "மலோக்கியோ" எனப்படுகிறது. கொம்பு வலிமைக்கும் வளத்துக்கும் அடையாளமாகக் கருதப்பட்டதால் அதன் வடிவம் காப்பாயிற்று. பண்டைய உரோமானியர் அணிந்த ஆண்குறி வடிவக் காப்புகளின் தொடர்ச்சியே இது என்று கருதும் ஆய்வாளர்களும் உளர்.

நாப்போலி மரபின்படி கொம்பு சிவப்பு நிறமும் வளைந்த உருவமும் கூரிய முனையும் கொண்டிருத்தல் வேண்டும். அது கையால் செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும். தனக்கெனத் தானே வாங்காமல் பிறரிடமிருந்து பரிசாகப் பெறுதல் வேண்டும். அணி உடைந்தால், அணிந்தவருக்கு வரவிருந்த தீங்கை அது ஏற்றுக்கொண்டது எனக் கொள்வோரும் உண்டு.

பவளமும் கண்ணாடியும்

பொன், வெள்ளி, எலும்பு ஆகியவற்றாலும் கொம்பு செய்யப்படினும், சிவப்புப் பவளமே பெரிதும் மதிக்கப்படுகிறது. நாப்போலிக்கு அருகிலுள்ள தோரே தெல் கிரேக்கோ பவள வேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ஊராகும். நடுநிலக் கடலின் சிவப்புப் பவளம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே தடிக்கிறது. மிகையாக அறுவடை செய்யப்பட்டதால் அதன் இருப்புக் குறைந்தது. கடலடியில் இழுத்துப் பவளம் பறிக்கும் சிலுவை வடிவக் கருவிகளை 1994-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. பவளம் அரிதாகவும் விலை மிக்கதாகவும் இருப்பதால், அதே சிவப்பை மலிவாகத் தரும் கண்ணாடி அதற்கு மாற்றாக விளங்குகிறது.

செய்முறை

இத்தாலியக் கண்ணாடிக் கலையின் மையம் வெனிசு நகரத்தை அடுத்த முரானோ தீவாகும். தீ விபத்துக்கு அஞ்சி, 1291-ல் வெனிசுக் குடியரசு கண்ணாடி உலைகளை அங்கு மாற்றியது. பெரிய உலையின்றி, மேசை மீதுள்ள சிறு சுடரில் கண்ணாடியை இளக்கி வேலை செய்யும் முறையும் வெனிசில் வளர்ந்தது. சிறு அணிகளுக்கு இம்முறையே ஏற்றது.

கைவினைஞர் வண்ணக் கண்ணாடிக் கோலின் நுனியைச் சுடரில் சுழற்றி இளக்குகிறார். பின்னர் அதை இடுக்கியால் மெல்ல இழுத்துக் கூராக்கி வளைக்கிறார். தடித்த முனையில் சங்கிலி கோப்பதற்கான வளையம் அமைக்கப்படுகிறது. சிவப்பு நிறத்திற்குக் காட்மியம், செலீனியம் சேர்மங்கள் பயன்படுகின்றன. இவ்வகைக் கண்ணாடி மீண்டும் சூடேறும்போதே முழுச் சிவப்பை அடைகிறது.

இறுதிக் கட்டம் இன்றியமையாதது. கண்ணாடி விரைந்து குளிர்ந்தால், மேற்பரப்பு முதலில் இறுக, உட்பகுதி பின்னர் சுருங்க முயல்கிறது. இதனால் உள்ளே தகைவு தங்கி, அணி பல நாட்கள் கழித்தும் தானே விரிசல் விடக்கூடும். கொம்பின் ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் இருப்பதால் இவ்வாபத்து மிகுதி. எனவே அணியைச் சுமார் 500 பாகை செல்சியசு வெப்பமுள்ள சூளையில் வைத்துப் படிப்படியாகக் குளிரச் செய்கின்றனர்.

கைவேலையும் அச்சு வார்ப்பும்

அச்சில் அழுத்திச் செய்த மலிவான கொம்புகளும் நெகிழிக் கொம்புகளும் சுற்றுலாக் கடைகளில் ஏராளமாக விற்கப்படுகின்றன. அச்சு அணியில் பெரும்பாலும் பக்கவாட்டில் மெல்லிய பொருத்துக் கோடு தெரியும். யாவும் ஒரே அளவாக இருக்கும். கையால் செய்தவற்றில் இரண்டு ஒன்றுபோல் அமைவதில்லை. முரானோவில் செய்த கண்ணாடியைப் போலிகளிலிருந்து பிரித்துக் காட்ட, வெனேத்தோ மாநிலம் 1994-ல் சட்டத்தின் வழியாகத் தனி வணிகக் குறியை ஏற்படுத்தியது. கண்ணாடி மணிக் கலையை 2020-ல் யுனெசுகோ, இத்தாலி, பிரான்சு நாடுகளின் பெயரில் மானுடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கொம்பு கையால் செய்யப்பட வேண்டும் என்ற மரபு வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை. அதனை மதித்து வாங்குவோர் இருப்பதால், அச்சு வார்ப்புடன் விலையில் போட்டியிட இயலாத கைவினைஞருக்கும் வேலை கிடைக்கிறது.

இவற்றையும் பார்க்க: பவளம், முரானோ, கண்ணேறு