‘ஆர்கானிக்’ ஒயின் என்றால் மருந்தே அடிக்காததா? இத்தாலி தோட்டங்களின் தாமிரக் கணக்கு

இத்தாலிய ரெட் ஒயின் பாட்டிலில் பச்சை இலை முத்திரை இருந்தால், பார்க்கிறவர்கள் நினைப்பது ஒன்றுதான்: ‘இந்தத் தோட்டத்துல மருந்தே அடிச்சிருக்க மாட்டாங்க.’

உண்மையில் அடிப்பார்கள். மழை அதிகமான வருடத்தில் பல தடவை அடிப்பார்கள். என்ன மருந்து, எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

யார் இந்த பெப்பே குடும்பம்?

இத்தாலியின் கிழக்குப் பகுதியில், அட்ரியாடிக் கடலுக்கும் கிரான் சாஸ்ஸோ மலைக்கும் நடுவில் இருக்கிறது அப்ரூட்ஸோ மாநிலம். அங்கே டெராமோ மாவட்டத்தில் டொரானோ நுவோவோ என்று ஒரு சின்ன ஊர். எமிடியோ பெப்பே என்பவர் 1964-ல் தன் குடும்பத் தோட்டத்து ஒயினை சொந்தப் பெயரில் பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தது இங்கேதான்.

ரகத்தின் பெயர் மொன்டெபுல்ச்சானோ. டஸ்கனியில் இதே பெயரில் ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பிரபல ஒயின் சாஞ்சோவேசே என்ற வேறு திராட்சையில் செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளே குறைவு.

பெப்பே வீட்டு வேலைமுறையைக் கேட்டால் ‘இந்தக் காலத்துலயா?’ என்று தோன்றும். கொடிகள் பெரும்பாலும் நம்ம கம்பம் பக்கம் பார்ப்பது போல பந்தலில் படர்ந்திருக்கும். சிவப்பு திராட்சைக் கொத்துகளை வலையில் தேய்த்து, கையாலேயே காம்பிலிருந்து பிரிப்பார்கள். வெள்ளை ஒயினுக்கான திராட்சையைக் காலால் மிதிப்பார்கள். ஈஸ்ட் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை, வடிகட்டுவதுமில்லை. மரப் பீப்பாய்க்குப் பதில் உள்ளே கண்ணாடிப் பூச்சு போட்ட சிமென்ட் தொட்டி. பாட்டிலில் பல வருடம் கிடக்கும் ஒயினை விற்பதற்கு முன், அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு கையாலேயே வேறு பாட்டிலுக்கு மாற்றுவார்கள். எமிடியோவின் மனைவி ரோசா வருடக்கணக்கில் செய்த வேலை இது. மகள்கள் சோபியா, டேனியலா, பேத்தி கியாரா என்று அடுத்த தலைமுறைகளும் இதே தொழிலில்தான்.

செயற்கை பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி கிடையாது. கொடிகளுக்குத் தெளிப்பது தாமிரமும் கந்தகமும்.

தாமிரம் எப்படி உள்ளே வந்தது?

இது ஒரு திருட்டுப் பயத்தில் ஆரம்பித்த கதை. 1870-களின் கடைசியில் அமெரிக்காவிலிருந்து வந்த அடிச்சாம்பல் நோய் பிரான்ஸ் தோட்டங்களைக் காலி செய்துகொண்டிருந்தது. இலையின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் போலப் படரும். பிறகு காய்கள் சுருங்கிப் பழுப்பாகிவிடும். 1882-ல் போர்டோ பக்கம் போன பியர் மில்லார்டே என்ற பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. விசாரித்தால், போகிறவர் வருகிறவர் பழத்தைப் பறிக்கக்கூடாது என்று மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைத்திருக்கிறார்கள். பார்க்க விஷம் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்! அதுதான் போர்டோ கலவை ஆனது. தமிழ்நாட்டு விவசாயிகளுக்கும் நன்றாகப் பழக்கமான மருந்து.

ஆர்கானிக் விதிகள் செயற்கை மருந்துகளைத் தடுத்தாலும், தாமிரத்தை அனுமதிக்கின்றன. அடிச்சாம்பலுக்கு அதற்கு இணையான மாற்று இன்னும் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

அப்புறம் என்ன பிரச்சினை?

தாமிரம் ஓர் உலோகம், மக்கிப் போகாது. மழையில் கழுவப்பட்டு மண்ணில் இறங்கி, வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும். அளவு கூடினால் மண்புழுக்களுக்கும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் ஆபத்து. மண்ணைக் காப்பாற்றத்தான் ஆர்கானிக் என்று சொல்லிக்கொண்டு, அதே மண்ணில் உலோகத்தைச் சேர்ப்பதா என்ற கேள்வி நியாயமானதுதான்.

அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோ தாமிரம். சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ. ஏக்கர் கணக்கில் சுமார் 1.6 கிலோ. மயில்துத்தத்தில் கால் பங்குதான் தாமிரம் என்பதால், ஏக்கருக்கு ஏறத்தாழ 6.4 கிலோ மயில்துத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். மழை வருடத்தில் கூட அடித்தால், அடுத்தடுத்த வருடங்களில் குறைத்து ஈடுகட்ட வேண்டும்.

இந்த வரம்பு எல்லா விவசாயிகளுக்கும் பொதுதான். ஆனால் மற்றவர்கள் இலைக்குள் ஊடுருவி வேலை செய்யும் ரசாயனங்களுக்கு மாறிக்கொள்ளலாம். ஆர்கானிக் விவசாயிக்கு அந்த வழி இல்லை. தாமிரம் இலையின் மேலேயே நிற்கும். நல்ல மழை பெய்தால் போய்விடும். திரும்ப அடிக்கணும்.

2023-ல் என்ன நடந்தது?

அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் மத்திய, தென் இத்தாலியில் விடாத மழை. சேற்றில் டிராக்டர் இறங்க முடியாததால், மருந்து இருந்தும் அடிக்க முடியாத நாட்கள். அடிச்சாம்பல் நோய் பரவியது. மோசமாக அடி வாங்கிய மாநிலங்களில் அப்ரூட்ஸோவும் ஒன்று. சர்வதேச திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் கணக்குப்படி, இத்தாலியின் மொத்த உற்பத்தி சுமார் 383 கோடி லிட்டராக இறங்கியது. முந்தைய ஆண்டைவிட சுமார் 23 சதவீதம் குறைவு. முதலிடம் பிரான்ஸுக்குப் போனது.

பெரிய கம்பெனி என்றால் வேறு பகுதித் திராட்சையை வாங்கிச் சமாளித்துவிடும். சொந்தத் தோட்டத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஒரு சீசன் போனால் அந்த வருட ஒயினே கிடையாது. பெப்பே மாதிரி பழைய ஆண்டுகளின் ஒயினை நிலவறையில் சேர்த்து வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

லேபிளில் எதைப் பார்ப்பது?

‘பயோலாஜிகோ’ என்றால் இத்தாலியில் ஆர்கானிக். கூடவே பச்சை இலை முத்திரையும், IT-BIO என்பதற்கு நிகரான கண்காணிப்பு எண்ணும் இருக்க வேண்டும். இதற்குத் தோட்டம் 3 ஆண்டு மாற்றக் காலத்தைத் தாண்டியிருக்கணும். ‘சஸ்டெயினபிள்’ என்ற வார்த்தையும், தேனீ படம் போட்ட இத்தாலிய முத்திரையும் வேறு சமாச்சாரம். அதில் செயற்கை மருந்துக்கு அனுமதி உண்டு.

‘சல்பைட் உள்ளது’ என்று ஆர்கானிக் பாட்டிலிலும் எழுதியிருக்கும். பயப்பட ஒன்றுமில்லை, நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் உண்டாக்கும். சர்க்கரை மிகக் குறைந்த ஆர்கானிக் ரெட் ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை அனுமதி, சாதாரண ரெட் ஒயினில் 150. ஆல்கஹால் விஷயத்தில் மட்டும் ஆர்கானிக்குக்கு எந்தச் சலுகையும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் சொன்னது.

மாற்று வழியே இல்லையா?

இருக்கிறது. அமெரிக்க, ஆசியத் திராட்சை இனங்களோடு கலந்து உருவாக்கிய, நோயைத் தாங்கும் ரகங்களை வட இத்தாலியில் நட ஆரம்பித்துவிட்டார்கள். அவற்றுக்கு மிகக் குறைவாகத் தெளித்தால் போதும்.

ஆனால் ‘மொன்டெபுல்ச்சானோ தப்ரூட்ஸோ’ என்று லேபிளில் போட வேண்டுமானால், குறைந்தது 85 சதவீதம் மொன்டெபுல்ச்சானோ திராட்சையே இருக்க வேண்டும் என்பது விதி. ரகத்தை மாற்றினால் தாமிரம் குறையும், கூடவே 1968-ல் அரசு அங்கீகாரம் பெற்ற அந்தப் பெயரையும் லேபிளிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான்.