சர்க்கரை வியாதியும் இரண்டு குடியிருப்புகளும்

சென்னையில், தியாகராய நகரிலுள்ள பாரதி நகரிலும் திருமங்கலத்திலுள்ள ஆசியாட் காலனியிலும் வசிக்கும் இருபது வயதுக்கு மேற்பட்ட 1,262 பேரை, 1996-97-இல் நீரிழிவு நிபுணர் டாக்டர் வி. மோகனும் அவருடைய சகாக்களும் பரிசோதித்தபோது, மத்திய தர வருவாயினர் வாழ்ந்த ஆசியாட் காலனியில் நூற்றுக்கு 12.4 பேருக்கு நீரிழிவு இருப்பதும், வருவாய் குறைந்தோர் வாழ்ந்த பாரதி நகரில் 6.5 பேருக்கே அது இருப்பதும் தெரியவந்தது. இது பணக்கார வியாதி என்று பெரியவர்கள் சொல்லிவந்த வார்த்தைக்குச் சாட்சியம் கிடைத்ததாகவே அன்று தோன்றியிருக்கும். பத்தாண்டுகள் கழித்து அதே இடங்களில் மறுபடியும் கணக்கெடுத்தார்கள். ஆசியாட் காலனியில் 15.4; பாரதி நகரில் 15.3.

இந்த எண்களின் தாத்பரியத்தை உணர, சரீரத்தின் உள்ளே நடக்கும் ஒரு நிர்வாகத்தைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். சரீரத்தின் காரியங்களெல்லாம் நரம்புகளின் ஆணைப்படியே நடக்கின்றன என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், 1902-ஆம் ஆண்டு லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு விஞ்ஞானிகள், ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்த பின்னரும், அங்கே அமிலம் பட்டதும் கணையம் தன் ஜீரண நீரைச் சுரப்பதைக் கண்டு, ரத்தத்தின் வழியாகவே ஏதோ ஒரு ரசாயனப் பொருள் செய்தி கொண்டு செல்கிறது என்று நிரூபித்தார்கள். மூளையின் அடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி, கழுத்திலுள்ள தைராய்டு, சிறுநீரகங்களின்மேல் அமைந்த அட்ரீனல் முதலிய நாளமில்லாச் சுரப்பிகள் இவ்விதமே, குழாய் எதையும் நாடாமல், தம் ஹார்மோன்களை நேராக ரத்தத்தில் கலந்துவிடுகின்றன.

கணையம் இரட்டை உத்தியோகம் பார்ப்பது. ஜீரண நீரைக் குடலுக்கு அனுப்பும் அதே உறுப்பினுள்ளே, அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேற்படாத சின்னஞ்சிறு திட்டுகள் இன்சுலினைச் சுரக்கின்றன. நாம் உண்ட சோறு குளுக்கோஸாகி ரத்தத்தில் ஏறியதும், அதைத் தசையும் கொழுப்பும் ஏற்கும்படி செய்வதும், சர்க்கரையை மேலும் வெளிவிடாதே என்று கல்லீரலைத் தடுப்பதும் இந்த இன்சுலினே. சர்க்கரை அதிகமாய் இறங்கிவிட்டால் ஏற்றிவிடுவதற்குக் குளுக்ககான் என்ற எதிர் ஹார்மோனும் அத்திட்டுகளிலேயே உண்டு. அச்சத்திலும் கவலையிலும் பெருகும் அட்ரீனலின், கார்ட்டிசால் என்பவையும் சர்க்கரையை ஏற்றும் கட்சியைச் சேர்ந்தவையே.

சிறு வயதிலேயே வரும் நீரிழிவில் இன்சுலின் அநேகமாக அற்றே போகிறது. நம் நகரத்தில் மிகுதியாகக் காணப்படும் மற்றொரு வகையிலோ, ஆரம்பத்தில் இன்சுலினுக்குக் குறைவில்லை. அதன் சொல் தசையிலும் கல்லீரலிலும் எடுபடுவதில்லை. மார்கழியில் மயிலாப்பூர் சபாவில் பின்வரிசைக்காரர்கள் பேச்சில் ஆழ்ந்துவிட, வித்துவான் குரலை உயர்த்தி உயர்த்திப் பாடிக் கடைசியில் தொண்டை கட்டிக்கொள்வதைப் போல, கணையமும் ஆண்டுக்கணக்கில் அதிகமாகச் சுரந்து சுரந்து ஒரு கட்டத்தில் ஓய்ந்துவிடுகிறது. அந்நாள் வரை நோயாளிக்கு ஒரு தொந்தரவும் தெரியாமலிருக்கக்கூடும் என்பதுதான் இவ்வியாதியின் சூழ்ச்சி.

இந்தியருக்கு இதில் ஒரு விசேஷ ஆபத்தும் உண்டு. பார்வைக்கு ஒல்லியாயிருப்பவர்க்கும் வயிற்றினுள் கொழுப்பு சேர்ந்து, அதுவே இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. ஆகையால்தான் நம் ஆடவருக்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிருக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றளவின் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. சென்னைவாசிகளின் உணவை ஆராய்ந்தபோது, அவர்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதும், அதிலும் முக்கால் பங்கு வெள்ளையரிசியே என்பதும் புலனாயின. சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம் என்று மும்முறை பரிமாறிக்கொள்ளும் நம் சம்பிரதாயத்தைக் குறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. ஆயினும் கணக்கு அவ்வாறிருக்கிறது.

ஆசியாட் காலனியில் வியாதி ஏன் பாரதி நகரில் பெருகிய வேகத்தில் பெருகவில்லை? முதல் ஆய்வின் விவரங்களைக் கேட்டறிந்த அக்குடியிருப்பினர் தம் சொந்தப் பணத்தில் ஒரு பூங்கா அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்குமேல் நடப்பவர்கள் நூற்றுக்குச் சுமார் 14 பேராயிருந்தது 59-ஐ நெருங்கியது. உழைக்கும் தசை, இன்சுலினின் தயவின்றியே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ள வல்லது. நடையின் மகிமை அதுதான். பூங்கா கட்டும் பணமும் அதற்கான இடமும் பாரதி நகர்வாசிகளுக்கு ஏது? விடியற்காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவையும் பனகல் பூங்காவையும் சுற்றி வருகிறவர்களின் வீடுகளில், அதே வேளையில் பாத்திரம் துலக்குகிறவர்களுக்கு நடைப்பயிற்சியை உபதேசிப்பதில் பயனில்லை. அவர்கள் குடியிருக்கும் இடத்துக்கருகே பூங்கா அமைப்பது மாநகராட்சியின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருந்தால் எச்சரிக்கை. 126-ஐ எட்டி, மறு பரிசோதனையிலும் அவ்வாறே இருந்தால் நீரிழிவு. மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை இலவசமாகவே பார்க்கிறார்கள். முப்பதைக் கடந்தவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வருபவருக்கும் ஒரு காலைப் பொழுது, சம்பளம் பிடிக்காமல், விடுப்பளித்து அனுப்பிவையுங்கள்.