துவைக்கும் கை யாருடையது?

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "துணி கட்டலாங்களா நர்சம்மா, பேம்பர்ஸே போட்டுக்கலாங்களா?" திருப்பூர்ப் பக்கம் எந்தக் கம்பெனி டயாப்பராக இருந்தாலும் பேர் பேம்பர்ஸ்தான். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது மகளின் தோழிகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். நானும் பழையபடி ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: "துவைக்கறது யாரு கண்ணு?"

இதற்குப் பல வீடுகளில் உடனே பதில் வராது. மருமகள் தன் அம்மாவைப் பார்ப்பாள், அம்மா சம்பந்தியைப் பார்ப்பார். பிள்ளையின் அப்பனை யாரும் பார்ப்பதில்லை. துணி கட்டுகிறவள் பொறுப்பான தாய், டயாப்பர் போடுகிறவள் சோம்பேறி என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது தடவைகூடத் துணி நனைக்கும். தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பால் குடித்ததும் வயிறு போவதும் இயல்பு. அத்தனை பீத்துணியையும் அலச, வயிற்றில் சிசேரியன் தையலோடு பச்சை உடம்புக்காரி ஒருத்தி குத்த வைத்து உட்காருகிறாள் என்றால், அந்தத் துணியைவிட டயாப்பர் எவ்வளவோ மேல்.

இனித் தோலைப் பற்றி. இடுப்பும் தொடையும் சிவந்து புண்ணாவதற்கு முதல் காரணம் ஈரம் நிற்கும் நேரம். நனைந்தபடி கிடக்கும் தோல் ஊறி மெத்தென்று ஆகிவிடும். மலமும் சிறுநீரும் கலந்தால் அம்மோனியா உண்டாகிக் காரத்தன்மை ஏறும். அந்தக் காரத்தில் மலத்தில் இருக்கும் நொதிகள் வீரியமாகித் தோலை அரிக்கும். மேலே உராய்வும் சேர்ந்தால் புண்தான். ஈரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மேல்பரப்பை உலர்வாக வைப்பதால் டயாப்பர் ஒரு வகையில் தோலுக்கு நல்லதே செய்கிறது. ஆனால் நனைந்த துணியில் பிள்ளை சிணுங்கும், தொட்டால் கையில் ஈரம் தெரியும். டயாப்பரில் இரண்டும் இல்லை. அதனால் காலையில் மாட்டியது மத்தியானம் வரைக்கும் கிடக்கிறது. பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் நான்கு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். வயிறு போயிருந்தால் அந்த நிமிடமே மாற்ற வேண்டும். துணிக்கும் இதே சட்டம்தான்.

சிவப்பு தொடையின் மேடான பகுதிகளில் மட்டும் இருந்தால் ஈரத்தால் வந்தது. கழுவி, ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பைக் கொஞ்சம் தாராளமாகப் பூசி, நாளில் கொஞ்ச நேரம் இடுப்பில் எதுவும் கட்டாமல் விட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொடை இடுக்கின் மடிப்புக்குள்ளேயே செக்கச் சிவந்து, சுற்றிலும் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று; டாக்டரிடம் காட்ட வேண்டும். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ட்யூப்களில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. இறுக்கமான டயாப்பருக்குள் அதைப் பூசினால் மெல்லிய தோல் இன்னும் மெலிந்துபோகும். பவுடரும் வேண்டாம். கொட்டும்போது பறக்கிற தூள் பிள்ளையின் மூச்சோடு நுரையீரலுக்குப் போகும்.

முதல் மாதத்துக்குத் துணிதான் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் தோல் அல்ல, எண்ணிக்கை. பால் போதுகிறதா என்று அறிய நாங்கள் பார்க்கும் முதல் கணக்கு நனைந்த துணி. முதல் நாள் ஒன்றிரண்டு தடவை போனாலே போதும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு, ஆறு தடவைக்குக் குறையாமல் நனைக்க வேண்டும். துணி கட்டிய வீட்டில் எத்தனை தடவை என்று கேட்டால் பாட்டி கொடியைப் பார்த்தே சொல்லிவிடுவார். டயாப்பர் போட்ட வீட்டில், "தெரியலீங்க நர்சம்மா, கனமாத்தான் இருந்துச்சு" என்பார்கள். அந்தக் கனம் இரண்டு தடவையா ஆறு தடவையா? இப்போதைய டயாப்பர்களில் ஈரம் பட்டால் நிறம் மாறும் கோடு வருகிறது. அதுவும் நனைந்ததைச் சொல்லுமே தவிர எத்தனை தடவை என்று சொல்லாது. வெள்ளைத் துணி இன்னும் சில செய்திகள் சொல்லும். முதல் ஓரிரு நாளில் செங்கல்பொடி நிறத்தில் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது யூரேட் உப்பு. அதற்குப் பிறகும் அது தொடர்ந்தால் பால் சரியாகச் சேரவில்லை என்று பொருள். பச்சைப் பிள்ளையின் சிறுநீர் துணியில் கறை வைக்காது. துணி மஞ்சளாகக் கறை பிடித்து, மலம் வெளிறி, கண்ணின் மஞ்சளும் இரண்டு வாரம் தாண்டிப் போகாமல் இருந்தால், ஈரலிலோ பித்தப் பாதையிலோ கோளாறு இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

டயாப்பருக்குள் இருப்பது என்ன? தோலைத் தொடுவது நெய்யப்படாத பாலிப்ரோப்பிலீன் தாள். நடுவே மரக்கூழ்ப் பஞ்சு, அதில் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் தூள். வெளியே ஈரம் கசியாத பிளாஸ்டிக். அந்தத் தூள்தான் தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்துக் கூழாகிறது. டயாப்பர் கிழிந்து ஜெல்லி போலத் தோலில் ஒட்டியிருந்தால் பதற வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். வாசனை சேர்த்த டயாப்பர்களை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன். 2019-இல் பிரான்ஸின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டயாப்பர்களில் உள்ள வேதிப்பொருள்களை ஆராய்ந்துவிட்டு, வாசனைப் பொருள்களை அறவே நீக்கும்படி உற்பத்தியாளர்களிடம் சொன்னது. மணம் பிள்ளைக்கு எந்தப் பயனும் தராத ஒன்று.

டயாப்பரின் வரலாறும் துவைக்கிற அலுப்பில்தான் தொடங்கியது. அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், நனைந்த துணியையும் படுக்கை விரிப்பையும் மாற்றி மாற்றிச் சலித்து, குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் துணிக்கு மேலே போடும் உறை ஒன்றைத் தைத்தார். 1949-இல் அது நியூயார்க் கடையில் விற்பனைக்கு வந்தது. 1951-இல் காப்புரிமை கிடைத்தது. தூக்கி எறியும் காகித நாப்கின் ஒன்றையும் அவர் யோசித்தார். அதைச் செய்து தர அன்று கம்பெனிகள் முன்வரவில்லை. பத்தாண்டு கழித்து, பேரப்பிள்ளையின் துணியோடு மல்லாடிய விக்டர் மில்ஸ் என்ற பொறியாளரின் குழுதான் பேம்பர்ஸை உருவாக்கியது. 1961-இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் அதை முதன்முதலாக விற்றுப் பார்த்தார்கள்.

சுற்றுச்சூழலுக்கு எது நல்லது என்று கேட்பவர்களுக்கும் விடை துவைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட கணக்கில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுக்கு டயாப்பர் போட்டால் வெளியாகும் கரிமப் புகை சுமார் 550 கிலோ. துணிக்கு, அந்த நாட்டுச் சராசரிப் பழக்கத்தில், 570 கிலோ. படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. பிறகுதான் காரணம் புரிந்தது. அங்கே கொதிக்கிற வெந்நீரில் துவைத்து மின்சார உலர்த்தியில் போடுகிறவர்கள் பலர். அதே ஆய்வு, மெஷின் நிறையத் துணி போட்டு, கொடியில் காயவைத்து, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைப் பயன்படுத்தினால் துணியின் புகை 40 சதவீதம் குறையும் என்கிறது. மொட்டை மாடியும் வெயிலும் உள்ள நம்மூருக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பொருந்தும். தண்ணீர் மட்டும் நமக்கு வேறு சங்கதி. நாள் கணக்கில் நல்ல தண்ணீர் வராத தெருவில் இருப்பவளிடம் துணியின் பெருமையைப் பேச எனக்கு மனம் வராது.

துணிக்குத் திருப்பூர்க்காரர்கள் அலைய வேண்டியதில்லை. பனியன் துணி மெத்தென்றிருக்கும், இழுபடும், ஈரத்தை நன்றாக வாங்கும். பழைய பருத்தி வேட்டி அதைவிட நல்லது. பலமுறை துவைத்துப் பஞ்சுபோலாகிச் சீக்கிரம் காய்ந்துவிடும். முக்கோணமாக மடித்துக் கட்ட இரண்டு டஜன் துண்டுகள் இருந்தால், தினம் ஒரு முறை துவைத்தால் சமாளிக்கலாம். கடையில் விற்கும், பட்டன் வைத்து நடுவே பட்டை செருகும் துணி டயாப்பர் வெளியே கொண்டுபோக வசதிதான். ஆனால் அந்தத் தடித்த பட்டை ஐப்பசி மழையில் இரண்டு நாளானாலும் காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டுவதைவிட அன்றைக்கு டயாப்பர் போடுவது நல்லது. கட்டாயம் துணிதான் என்றால் இஸ்திரி போட்டுக் கட்டுங்கள்.

துவைக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை உண்டு. மலத்தை முதலில் கக்கூஸில் அலசி விட்டுவிட வேண்டும். வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போடக் கூடாது. ஊறவைக்கும் பக்கெட்டுக்கு மூடி வேண்டும். சின்ன அண்ணனோ அக்காவோ இருக்கும் வீட்டில் திறந்த பக்கெட் ஆபத்து. துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் இழையின் மேல் பூச்சாகப் படிந்து ஈரம் வாங்குவது குறையும். டெட்டாலில் முக்கிக் கட்டுவதும் நல்லதல்ல, மிச்சம் தங்கித் தோலை எரிக்கும். நுரை நிற்கும்வரை அலசி, நல்ல வெயிலில் போட்டால் அதுவே போதும். போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் துணி அட்டைபோல விறைக்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டால் இது குறையும்.

டயாப்பர் போட்டால் கால் அகண்டு போகும் என்று பாட்டிகள் சொல்வார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தார் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நடை பழகும் பிள்ளைகளை ஒன்றும் கட்டாமலும், டயாப்பரோடும், தடித்த துணியோடும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் கட்டாதபோது நடை மேலாக இருந்தது. தடித்த துணியில்தான் அதிகம் தடுமாறினார்கள். கட்டியிருக்கும் நேரத்துத் தடை அது. கால் எலும்பு கோணிப்போகும் என்று இதிலிருந்து பயப்பட வேண்டியதில்லை. பாட்டிகளிடம் நாம் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்காரவைத்து, "ஸ்ஸ்ஸ்" என்று ஒலி எழுப்பிப் போகவைப்பார்கள். தூங்கி எழுந்ததும் பால் குடித்ததும் இதைப் பழக்கினால் நனையும் துணியின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியக் குறையும். இந்தப் பழக்கம் போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது. முதல் மாதம், வீட்டில் கை இருக்கும்வரை, துணி. பிறகு பகலில் துணி, இரவுக்கும் பயணத்துக்கும் டயாப்பர். ராத்திரி பிள்ளையும் தாயும் இடையில் விழிக்காமல் தூங்குவது பெரிய மருந்து. மூத்திரம் மட்டும் என்றால் களிம்பு பூசி ஒரே டயாப்பரில் விடியும்வரை விடலாம். டயாப்பர் ஒன்று ஏறக்குறைய பத்து ரூபாய் என்று வைத்தால், நாளுக்கு ஆறு போட்டால் மாதம் 1,800 ரூபாய். இரவுக்கு ஒன்று, வெளியே போக ஒன்று என்றால் 600. 2025 செப்டம்பரில் டயாப்பருக்கான ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள்; கூலி வேலைக்குப் போகும் வீட்டுக்கு இதுவும் ஆறுதல்தான். ஆனால் பகலில் துவைக்க அப்பனோ தாத்தாவோ மாமியாரோ கை கொடுக்காத வீட்டில், முழு நேரமும் டயாப்பர் போடு என்று தாயிடம் தயங்காமல் சொல்வேன்.

அப்படிப் போட்டால் துவைக்கும் கை ஒன்றும் மறைந்துவிடாது. வீட்டிலிருந்து தெருவுக்கு மாறிவிடுகிறது. எங்கள் ஊர்க் குப்பை வெகுகாலமாகப் பாறைக்குழிகளில் போய் விழுகிறது. அதற்கு முன்னால் தூய்மைப் பணியாளர் ஒருவர் அதைக் கையால் பிரிக்கிறார். சாப்பாட்டு மிச்சத்தோடு கட்டிப் போட்ட டயாப்பரை அவர் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே, பயன்படுத்திய டயாப்பரைப் பத்திரமாகச் சுற்றி, மக்காத குப்பையோடு தர வேண்டும் என்றன. சுற்றித் தர உறை கொடுப்பது தயாரிப்பவர்களின் பொறுப்பு என்றும் சொன்னன. மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, டேப்பால் இறுக்கச் சுருட்டி, செய்தித்தாளில் பொதிந்து, மேலே பேனாவால் பெரிதாக ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது உப்பிக் குழாயை அடைக்கும், அடைப்பெடுக்க வருவதும் ஒரு மனிதர்தான். எரிக்கவும் கூடாது, பாதி பிளாஸ்டிக். நொய்யல் கரையில் வீசுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை.

என் பகுதியில் பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஷிப்டு முடிந்து வந்து துவைப்பது என்பது அவர்களுக்கு நடக்கிற காரியமல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிய பிரிவிலேயே, பிள்ளைகளின் துணியைத் துவைக்கவும் மாற்றவும் வசதி செய்ய மாநிலங்கள் விதி வகுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் வேண்டும் என்றார்கள். காப்பகத்தில் ஒரு குழாய், துவைக்க ஒரு கல், வெயில் படும் இடத்தில் ஒரு கொடி, அதற்குச் சம்பளத்தோடு ஒரு ஆள். இவ்வளவையும் கேட்டு வாங்குங்கள். வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே மேனேஜரிடம் போய்க் கேளுங்கள், பத்துப் பேராகச் சேர்ந்து போங்கள்.